பிட்எக்ஸ் 40: கேட்கிறது, பேசினால் போவதில்லை. உப்புக்காற்று ஊர்க்காரர்கள் வரவும்

கடலோரக் கம்பி (குளச்சல்)

எல்லாருக்கும் வணக்கம். என் பிட்எக்ஸ் 40, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலியில் கேட்கவும் பேசவும் உதவும் கிட், கேட்பதில் ஒரு குறையும் இல்லை. மாலையில் 7 மெகாஹெர்ட்ஸில் சென்னை, பெங்களூரு, கொழும்பு எல்லாம் தெளிவாக வருகின்றன. பேசும் பொத்தானை அழுத்தினால் கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற்றும் ரிலே ஒலிக்கிறது, அதோடு சரி. வாட் மீட்டர் முள் அரை வாட்டைக்கூட ஒழுங்காகத் தொடுவதில்லை. மழைக்கு முன்பு இதே பெட்டி ஏழு வாட்டை ஒட்டித் தந்துகொண்டிருந்தது.

12 வோல்ட் பேட்டரி, 7 ஆம்பியர் மணி. இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய டைபோல், இரண்டு கை உள்ள கம்பி ஆன்டெனா. அதிலிருந்து கீழே பெட்டிக்கு வரும் கேபிள் ஆர்.ஜி.58 கோஆக்ஸ். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், அதிலிருந்தே மற்றதை ஊகித்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரு மல்டிமீட்டர் மட்டும். எங்கிருந்து தொடங்குவது?

வடசேரி வாட்டு (நாகர்கோவில்)

இறுதி நிலையில் சக்தியைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் ஐ.ஆர்.எஃப்.510 போயிருக்கும். கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். போடும்போதே இறுதி நிலைக்குத் தனியாக 24 வோல்ட் கொடுத்துவிடுங்கள். அதற்கென்றே போர்டில் தனி இணைப்பு வைத்திருக்கிறார்கள். இருபது வாட் வரும். ஏழு வாட்டில் என்ன பேசுவது?

ஈயப்பற்று (தக்கலை)

வடசேரித் தம்பி, நோயாளி மேசைக்கு வரும் முன்பே அறுக்கச் சொல்கிறீர்கள்.

குளச்சல் தம்பிக்குச் சொல்கிறேன். இந்தச் சுற்றின் அழகு ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் முதல் பிட்எக்ஸை வரைந்தபோது குழாய் வாஷரில் கம்பி சுற்றிச் சுருள் செய்யலாம் என்றார். டொராய்டு என்னும் காந்த வளையம் கிடைக்காத ஊரில் அது பெரிய விடுதலை. அதைவிடப் பெரிய சாமர்த்தியம், நடுவில் இருக்கும் பெருக்கிகளை இரண்டு பக்கமும் ஓடவிட்டது. கேட்கும்போது சிக்னல் எந்தப் படிக வடிகட்டி வழியாக உள்ளே வருகிறதோ, பேசும்போது அதே வடிகட்டி வழியாகத்தான் வெளியே போகிறது. அலைவெண்ணை மாற்றும் மிக்ஸர்களும் அவையே, எஸ்.ஐ.5351 அலையாக்கிச் சில்லு தரும் அலைவெண்ணும் அதுவே.

ஆகவே கேட்பது நன்றாக இருந்தால் 12 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி, மிக்ஸர், அலையாக்கி, அதை நடத்தும் ஆர்டுயினோ எல்லாவற்றையும் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மிச்சம் இருப்பவை மைக் பெருக்கி, ரிலே, இறுதி நிலையைத் தூண்டும் டிரைவர், இறுதி நிலை. நான்கே வீடு. தெருவெல்லாம் தட்ட வேண்டாம்.

மூன்று அளவு வேண்டும். பொத்தானை அழுத்தும்போது போர்டில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது? இறுதி நிலைக்குப் போகும் சிவப்புக் கம்பியில் மீட்டரை ஆம்பியரில் தொடராக வைத்து, பேசாமல் அழுத்தினால் எத்தனை மில்லியாம்பியர்? பேசினால் எத்தனை? ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டரான டம்மி லோட் மாட்டிவிட்டுச் செய். ஆன்டெனாவும் இல்லாமல் லோடும் இல்லாமல் பொத்தானைத் தொட்டால் என்னிடம் வராதே.

கடலோரக் கம்பி (குளச்சல்)

அண்ணாச்சி, டம்மி லோட் என்னிடம் இல்லை. கடையில் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

ரப்பர்க்காடு (குலசேகரம்)

கடையில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் இருபது கேளுங்கள். கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம். செராமிக் பெட்டி போல இருக்கும் கம்பிச் சுற்று ரெசிஸ்டர் ஆகாது, அது 7 மெகாஹெர்ட்ஸில் சுருளாகிவிடும். இருபதையும் இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே இணையாகப் பற்றவையுங்கள். 1000-ஐ 20-ஆல் வகுத்தால் 50 ஓம், தாங்கும் சக்தி 20 வாட்.

அப்படியே ஒரு 1என்4148 டயோடு, ஒரு 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சேர்த்தால் உச்ச வோல்ட்டை மல்டிமீட்டரிலேயே படிக்கலாம். படித்ததோடு 0.6 கூட்டி, இரண்டு மடியாக்கி, 100-ஆல் வகுத்தால் வாட். பத்து வோல்ட் உச்சம் என்றால் ஒரு வாட், இருபது என்றால் நான்கு வாட். விலை கொடுத்து வாங்கிய சிறிய மீட்டர்களைவிட நான் இதைத்தான் நம்புகிறேன்.

வள்ளவிளைப் படகு

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்தக் கிட் விலை குறைவு என்கிறார்கள். ஆழ்கடல் போகும் விசைப்படகில் வைத்தால் கரையோடு பேச முடியுமா? ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லார் மனதிலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

முட்டம் மாணவி

அண்ணா, இதற்கு உரிமம் வாங்கிய ஆள் வேண்டும். அந்த உரிமம் இருந்தாலும் அமெச்சூர் அலைவரிசையில் மீன்பிடித் தொழில் பேசக்கூடாது. படகுக்கு உரியது கடல்சார் வி.எச்.எஃப். கருவி. அதில் 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கு அழைக்கும் இடம். ஆனால் வி.எச்.எஃப். ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும், ஆழ்கடலிலிருந்து கரைக்கு எட்டாது. அவ்வளவு தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழிக் கருவிதான் சரி. மீன்வளத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

நானும் அண்மையில்தான் தேர்வு எழுதினேன். 12 வயது ஆனால் போதும். மோர்ஸ் தெரியாவிட்டாலும் ரெஸ்ட்ரிக்டட் பிரிவில் எழுதலாம். உரிமம் கைக்கு வரும் வரை பேசும் பொத்தானை என் அண்ணன் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தான்.

கடலோரக் கம்பி (குளச்சல்)

லோட் செய்துவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது, 50.3 ஓம் காட்டுகிறது.

பொத்தானை அழுத்தினால் பேட்டரி 12.6-இலிருந்து 12.4. இறுதி நிலைக் கம்பியில் பேசாமல் அழுத்தினால் சுழி. மைக்கில் நீளமாக விசில் அடித்தாலும் சுழி. டிரைவருக்குப் பின்னால் டயோடு முனையை வைத்தால் விசிலுக்கு ஏற்ப வோல்ட் ஏறி இறங்குகிறது.

ஈயப்பற்று (தக்கலை)

இப்படித்தான் சொல்ல வேண்டும். மூன்று வரியில் மூன்று வீடு காலி. மைக் நல்லது, டிரைவர் நல்லது, டிரைவர் வரை வருகிறது என்றால் ரிலேயும் தன் வேலையைச் செய்கிறது. மிச்சம் இறுதி நிலை.

இறுதி டிரான்சிஸ்டர் சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் மின்னோட்டம் இழுக்க வேண்டும். 100 மில்லியாம்பியர் அளவில் வைப்பது வழக்கம். சுழி என்றால் அதன் கேட்டுக்கு, அதாவது கட்டுப்படுத்தும் காலுக்கு, அதை விழிக்க வைக்கும் பயாஸ் வோல்ட் போகவில்லை, அல்லது போய் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஐ.ஆர்.எஃப்.510 விழித்துக்கொள்ள 2 முதல் 4 வோல்ட் வரை வேண்டும்.

எழுத்து உன்னைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து வலம் கேட், டிரெயின், சோர்ஸ். பொத்தானை அழுத்திக் கேட்டில் வோல்ட் பார். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஓம் பார். மீட்டர் முனை வழுக்கி டிரெயினைத் தொட்டால் வேறு கதை ஆகிவிடும், முனைக்கு ஸ்லீவ் போட்டுக்கொள்.

கடலோரக் கம்பி (குளச்சல்)

கேட்டில் 0.04 வோல்ட். ஓம் பார்த்தால் 11.

வடசேரி வாட்டு (நாகர்கோவில்)

நான் முதல் பதிவிலேயே சொன்னேன்.

ஈயப்பற்று (தக்கலை)

சொன்னீர்கள், தம்பி. லாட்டரியிலும் சிலருக்கு விழும்.

11 ஓம் என்றால் பெரும்பாலும் கேட் உடைந்திருக்கிறது. ஆனால் பயாஸை ஏற்றி இறக்கும் திருகு ரெசிஸ்டரான பிரீசெட்டும் உங்கள் ஊர்க் காற்றில் பச்சை பூத்திருக்கலாம். டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு வெறும் துளையில் கேட் வோல்ட்டைப் பார். வந்தால் குற்றவாளி டிரான்சிஸ்டர், வராவிட்டால் பிரீசெட். எடுக்கும்போது மூன்று கால்களையும் முதலில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக ஈயம் உருக்கி எடு. முழுதாகக் காப்பாற்றப் போனால் போர்டின் செம்பு வளையம் பெயர்ந்துவிடும். செத்தது மலிவான பொருள்.

கடலோரக் கம்பி (குளச்சல்)

எடுத்தாயிற்று. பிரீசெட்டைத் திருப்பினால் துளையில் சுழியிலிருந்து நான்கு வோல்ட்டுக்கு மேல் வரை வழுவழுப்பாக ஏறுகிறது. எடுத்த டிரான்சிஸ்டரில் தனியாக அளந்தாலும் அதே 11 ஓம். புதிது இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். இன்று இரவே போட்டுவிடட்டுமா?

ஈயப்பற்று (தக்கலை)

போடாதே.

நல்ல டிரான்சிஸ்டர் ஏன் செத்தது? 12 வோல்ட்டில், ஏழு வாட்டில், சூட்டை இழுக்கும் சரியான ஹீட்சிங்கில் இது வருடக்கணக்கில் ஓடும். இதைக் கொல்வது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அனுப்பிய சக்தி ஆன்டெனாவில் ஏற முடியாமல் திரும்பி வந்து டிரெயினில் வோல்ட்டாக நிற்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிதைப் போட்டால் இரண்டாவதையும் அடக்கம் செய்வாய். கோஆக்ஸைப் பார்.

வடசேரி வாட்டு (நாகர்கோவில்)

கோஆக்ஸ் கெட்டிருந்தால் கொழும்பு எப்படிக் கேட்கும்? அவர்தான் கேட்பதில் குறையே இல்லை என்கிறாரே. ஆன்டெனா நல்லது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ரப்பர்க்காடு (குலசேகரம்)

நல்ல கேள்வி, ஆனால் அது சாட்சி ஆகாது. 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சல் மிக அதிகம். வெப்ப மண்டல இடி மின்னல் எல்லாம் அங்கேதான் கொட்டுகிறது. கோஆக்ஸ் பாதிச் சிக்னலைத் தின்றால் இரைச்சலிலும் பாதியைத் தின்னும். இரண்டின் விகிதம் மாறாது, வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் காதுக்கு எல்லாம் முன்பு போலவே இருக்கும். பிட்எக்ஸில் சிக்னல் மீட்டரும் கிடையாது, ஆகவே கண்ணுக்கும் தெரியாது. பேசும்போது அப்படி இல்லை. போகும் சக்திக்கு ஈடுகொடுக்க எதிரே யாரும் வால்யூம் திருப்புவதில்லை.

எங்கள் பக்கம் உப்பு இல்லை, ஈரம் உண்டு. ஆறு மாதம் ரப்பர் இலை காயாது. இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்தில் கோஆக்ஸ் நுனியைத் திறந்து வைப்பது மண்ணெண்ணெய் விளக்குத் திரியைத் தண்ணீரில் நிறுத்துவது போலத்தான், உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் முழுவதும் ஈரம் ஏறும்.

கடலோரக் கம்பி (குளச்சல்)

தென்னை ஏறுகிறவர் நேற்று வந்தார், தேங்காயோடு சேர்த்து டைபோலையும் இறக்கித் தரச் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு கூலியில் சேர்த்துக்கொண்டார்.

கோஆக்ஸின் வெளித்தோல் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. நடு இணைப்பில் சுற்றியிருந்த மின்சார டேப்பை உரித்தால் உள்ளே பசை உருகிக் கருப்பட்டிப் பாகு போல வந்தது. பின்னல் கம்பி செம்பு நிறத்திலேயே இல்லை. கறுத்து, நடுநடுவே பச்சை மாவு. விரலால் தேய்த்தால் இழை இழையாக ஒடிகிறது. ஒரு அடி வெட்டினேன், கறுப்பு. இன்னொரு அடி, கறுப்பு. ஒரு ஆள் உயரம் வெட்டிய பிறகும் செம்பு முகம் தெரியவில்லை. மொத்தக் கம்பியையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

கீழே பெட்டிக்கு வரும் கனெக்டர் மட்டும் புதிது போல இருக்கிறது, வீட்டுக்குள் இருந்ததால்.

ஈயப்பற்று (தக்கலை)

கிடைத்துவிட்டது. காற்று அடிக்கும்போது ஒடிந்த இழைகள் தொட்டும் விட்டும் ஆடியிருக்கும். நீ பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நொடியில் லோடே இல்லாமல் போயிருக்கும்.

புதிதைக் கட்டும்போது: நடு இணைப்பில் ஈயம் வைத்த பிறகு, இழுத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்று, அதன் மேல்தான் மின்சார டேப். ரப்பர் டேப் கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றலாம். சிலிக்கான் பசை வைப்பதானால் முகர்ந்து பார். காடி (வினிகர்) வாசம் அடித்தால் வைக்காதே, அந்த அமிலமே செம்பைத் தின்னும். கோஆக்ஸ் நேராகத் தொங்காமல் இணைப்புக்குக் கீழே ஒரு தொங்கு வளைவு விடு, தண்ணீர் அங்கே சொட்டிவிடும். வருடம் ஒரு முறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு இறக்கிப் பார்க்க வேண்டும். கடற்கரையில் ஆன்டெனா வைத்தவனுக்கு இது கூரை வேய்வது மாதிரி வருடாந்தர வேலை.

கம்பியும் மேல்தோல் உள்ள கம்பியாக இருக்கட்டும். நீளம் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1, ஒரு கைக்குப் பத்து. தோல் உள்ள கம்பி என்றால் கொஞ்சம் குறையும், நீளமாக வைத்து வெட்டி வா. தென்னை ஆடும் மரம், இரு முனையையும் இறுக்கிக் கட்டாதே. ஒரு முனையில் கப்பி போட்டு, கயிற்றின் கீழ் நுனியில் கல் கட்டித் தொங்கவிடு.

வடசேரி வாட்டு (நாகர்கோவில்)

24 வோல்ட் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.

ரப்பர்க்காடு (குலசேகரம்)

போடலாம். ஹீட்சிங்க் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வேண்டும், ஆன்டெனா பொருத்தமின்மைக்குத் தாங்கும் இடைவெளி குறைந்துவிடும். ஏழு வாட்டிலிருந்து இருபது வாட் என்பது எதிர்முனையில் நாலரை டெசிபெல் மட்டும். சிக்னல் மீட்டரின் ஒரு படியான எஸ்-யூனிட்டே ஆறு டெசிபெல். டைபோலைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நல்ல கோஆக்ஸ் போட்டால் அந்த நாலரை இலவசமாகவே வரலாம். ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நினைவிருக்கிறதா? அப்போது வீட்டில் இருப்பது ஒரு 12 வோல்ட் பேட்டரிதான். என் பெட்டி கேட்கும்போது இருநூறு மில்லியாம்பியர்கூட இழுப்பதில்லை. அந்தக் குணத்தை ஏன் கெடுப்பானேன்?

வடசேரி வாட்டு (நாகர்கோவில்)

எனக்கு வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியே இரண்டு இருக்கின்றன. நான் போடத்தான் போகிறேன்.

கடலோரக் கம்பி (குளச்சல்)

முடிந்தது.

போடும் முன்பு புது டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் அளந்தேன், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மீட்டர் அசையவே இல்லை. முதுகுத் தகடு டிரெயினோடு சேர்ந்தது என்பதால் மைக்காத் தாளும் பிளாஸ்டிக் வாஷரும் வைத்து, திருகிய பிறகு தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிரீசெட்டைத் துளையில் சுழி வோல்ட் வரும் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஈயம் வைத்தேன். பிறகு லோட் மாட்டி, மைக்கை மூடி, பொத்தானை அழுத்தி, முடி அளவு முடி அளவாகத் திருப்பினேன். வெகுநேரம் சுழியிலேயே நிற்கிறது, பிறகு திடீரென்று 30, 60, 100. அந்த இடத்தில் கை நடுங்கினால் ஒரு ஆம்பியருக்குத் தாவிவிடும். 100-இல் விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து, சூடேறிய பிறகு, 115. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசில் அடித்தால் லோடில் 25 வோல்ட் உச்சம். ரப்பர்க்காடு அண்ணன் கணக்குப்படி ஆறரை வாட். புது கோஆக்ஸில் காலையில் அழைத்தேன், மதுரைக்காரர் முதல் அழைப்பிலேயே பதில் சொன்னார்.

முட்டம் மாணவி

வாழ்த்துகள் அண்ணா. இதே இழையில் என் சந்தேகத்தையும் கேட்கிறேன் ஐயா. என் கிட்டில் இரவு ஏழரை, எட்டு மணிக்கு மேல் குரல்கள் நடுங்குகின்றன. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் குடுகுடுவென்று வருகிறது. பகலில் அதே ஆள் சுத்தமாகக் கேட்கிறார். அலையாக்கி ஆடுகிறதா? எஸ்.ஐ.5351 போர்டை மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று (தக்கலை)

ஒன்றையும் மாற்றாதே மகளே. அலையாக்கி ஆடினால் பகலிலும் ஆடும், எல்லாக் குரலும் ஒரே மாதிரி ஆடும். சரிபார்க்க வழி உண்டு. 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் மடங்குகளில் நிற்கின்றன. பகலில் கேட்கும் ஒன்றின் கேரியரை, அதாவது குரலைச் சுமக்கும் அலையை, பிடித்து, சீட்டி ஒலி சுழியாகும் வரை திருப்பு. சுழி ஆகும் இடத்தில் திரை சரியான மடங்கைக் காட்டினால் அலைவெண்ணும் சரி. அரை மணி நேரம் அது அங்கேயே நின்றால் நிலைப்பும் சரி.

ரப்பர்க்காடு (குலசேகரம்)

நடுங்குவது உன் தலைக்கு மேலே இருக்கும் அயனமண்டலம், வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் வான அடுக்கு. நாம் குடியிருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு ஒட்டிய இடத்தில். 1963-இல் முதல் ராக்கெட் ஏவிய, திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்ததே அந்தக் கோடு அந்த வழியாகப் போனதால்தான். திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வகம் உட்கார்ந்திருப்பதும் அதே காரணத்துக்காக. சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டின் மேலே அயனமண்டலத்தின் எஃப் அடுக்கு மேல்நோக்கி எழும்புகிறது, அடிப்பக்கம் குமிழ் குமிழாகக் கலைகிறது. அதில் பட்டுத் திரும்பும் குரல் பல வழிகளில் சிதறி வந்து குடுகுடுக்கும். மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். லட்ச ரூபாய்ப் பெட்டி வைத்தாலும் இதே குடுகுடுப்புதான். அடுத்த வீட்டில் யாரிடமாவது சிற்றலை வானொலி இருந்தால் அதையும் அதே நேரத்தில் கேட்டுப் பார்.

முட்டம் மாணவி

தாத்தாவின் பழைய பெட்டி இருக்கிறது. அதில் 41 மீட்டர் நிலையங்களும், அதாவது 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவையும், அப்படியே நடுங்குகின்றன. போர்டுக்கு வைத்திருந்த பணம் தப்பியது.

ஆரல்வாய்க் காற்று (ஆரல்வாய்மொழி)

எனக்கு நேர் எதிர். இருபத்து நான்கு மணி நேரமும் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரே இரைச்சல், ரம்பம் போட்டது மாதிரி. முப்பந்தல் காற்றாலைகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். யாருக்கு மனு எழுதுவது?

ஈயப்பற்று (தக்கலை)

மனு எழுதும் முன்பு உன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கு. கிட்டைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டே இறக்க வேண்டும். இரைச்சல் நின்றால் காற்றாலைக்கு விடுதலை.

ஆரல்வாய்க் காற்று (ஆரல்வாய்மொழி)

நின்றுவிட்டது. ஒவ்வொரு ஃபியூஸாக இறக்கி, சட்டைப்பை வானொலியோடு அறை அறையாக நடந்தேன். இரண்டு இடங்கள். ஒன்று என் மொபைல் சார்ஜர், அதை எடுத்துவிட்டேன். இன்னொன்று பூஜை அறையில் எந்நேரமும் எரியும் எல்.இ.டி. விளக்கு. மாமியார் வாங்கி மாட்டியது. மாற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ரப்பர்க்காடு (குலசேகரம்)

மாற்ற வேண்டாம். பழைய மானிட்டர் கேபிளில் கட்டி மாதிரி இருக்குமே, அந்த ஃபெரைட் வளையத்தைக் கழற்றி, விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டியான டிரைவருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து அதில் கொள்ளும் அளவு சுற்று. வளையம் டிரைவரை ஒட்டி இருக்க வேண்டும், சுவிட்ச் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள கம்பியே ஆன்டெனாவாகிவிடும். ஒன்று போதாவிட்டால் இரண்டு வளையம் போடு. சுற்றும்போது மெயின் இறங்கியே இருக்கட்டும்.